இரண்டு துவாய் வாங்கிய சாட்சி

1

போன மாதம் நான் இரண்டு குளியல் துவாயும் இரண்டு பை சீனியும் சும்மா வாங்கினேன். அதனால் எனக்கு வந்த வினையை ஊரில் இருக்கிற நீங்களும் அறிந்து சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒஸ்லோவில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. தமிழ் ஆட்கள் "உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை" என்கிறார்கள். நோர்வேக்காரர் கவலையாக முகத்தை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த முறை பனி கூட என்கிறார்கள்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் என் தம்பி, "அண்ணை ஒரு மியூசியத்தில பெரிய இடத்தில இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. இடம் பெரிசுதான். அதில் நான் இருப்பதில்லை, நிற்கிறேன். காவலாளி.

மரவியாபாரத்தில் பணம் சேர்த்த ஒருவர் உலகம் முழுக்க அள்ளிக்கொண்டு வந்த சாமான்களை வைத்திருக்கிற அருங்காட்சியகம் அது. பெயர் வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில், யன்னல் இல்லாத மண்டபத்தில், காலை பத்திலிருந்து பின்னேரம் ஐந்து வரை நிற்பேன். பொருட்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. அதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எனக்கு அனுமதித்த வசனங்கள் இரண்டு: "தொடாதேயுங்கோ", "கழிவறை இடது பக்கம்." இந்த இரண்டிலும் என் நோர்வேஜிய உச்சரிப்பைக் கேட்டால் நீங்கள் என்னை இந்த நாட்டில் பிறந்தவன் என்பீர்கள். மிச்சமெல்லாம் வடக்கே ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டு படித்த பாசை. மீனுக்கு விளங்கும்.

குளிர்காலத்தில், வீடு இருக்கிற ஹொல்ம்லியாவில் இருட்டுக்குள் ரெயின் ஏறுவேன். யன்னல் இல்லாத மண்டபத்துக்குள் இறங்குவேன். திரும்ப இருட்டுக்குள் ரெயின். அன்றைக்கு வெயில் எறித்ததா என்பதை, வருகிறவர்கள் தலையில் ஏற்றிவிட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அறிவேன். வயது ஐம்பத்தொன்பது. ஓய்வூதியத்துக்கு இன்னும் எட்டு வருசம். முழங்கால் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டது. வேறு வேலைக்கு விண்ணப்பம் போட ஒருநாள் இருந்தேன். "உங்கள் அனுபவம்" என்ற பெட்டிக்குள் "நின்றேன்" என்று மட்டும் எழுத முடிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

2

மண்டபத்தின் நடுவில் இரண்டு மரத்தூண்கள் நிற்கின்றன. கனடாவின் மேற்குக் கரையில், மழையும் கடலும் பெருமரங்களுமாக இருக்கிற இடத்தில் வாழ்கிற குவாக்வக்யவாக் என்ற மக்களின் வீட்டுத்தூண்கள். அந்தப் பெயர் என் வாய்க்குள் இருக்க ஆறு மாதம் எடுத்தது. சிவசுப்பிரமணியம் என்ற என் பெயரைச் "சிவா" என்று வெட்டிப்போட்டவர்களுக்கு முன்னால் அதை முழுதாகச் சொல்லிக் காட்டி அவ்வப்போது பழி தீர்ப்பேன்.

அவர்களுடைய பெரிய வீடு எங்கள் வீடு மாதிரி இல்லை. கூரையின் முழுப் பாரத்தையும் தூண்களின் மேல் கிடக்கிற இரண்டு தீராந்திகள் தாங்கும். ஒவ்வொன்றும் ஒரு முழு மரம், ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. தீராந்தி வந்து இருப்பதற்குத் தூணின் தலையில் ஒரு பள்ளம் குடைந்திருப்பார்கள். தூணில் செதுக்கிய உருவம் அழகுக்கு இல்லை. அது அந்தக் குடும்பத்தின் முதுசம். இன்ன மூதாதையருக்கு இன்ன மிருகம் கொடுத்த உரிமை என்று தூண் சொல்லும். வேறொரு குடும்பம் அதைச் செதுக்கவும் கூடாது, அதன் கதையைச் சொல்லவும் கூடாது. ஆகவே எங்கள் தூண்களின் கதையை என்னிடம் கேட்காதீர்கள். இரண்டிலும் கரடி என்று மட்டும் சொல்லலாம். மடியில் ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறது.

கரடிக்குக் காது இல்லை. புருவத்துக்கு மேலே பலகை போல மட்டமாக வெட்டியிருக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வியே அதுதான். வழிகாட்டி சுவரில் இருக்கிற விளக்கப் பலகையைக் காட்டுவாள்: "தூண்களின் மேற்பகுதி, விற்பனைக்கு முன்னர் உரிமையாளர்களாலேயே வெட்டப்பட்டது." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் கழிவறைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வெட்டியது உரிமையாளர்கள் இல்லை. நாங்கள்.

3

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் நான் அங்கே மணித்தியாலச் சம்பளத்துக்குக் கூட்டித் துடைக்கிறவன். மனைவி சுகந்தி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கான மனு குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. மாதத்துக்கொரு கடுதாசி கேட்பார்கள்: வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, வீட்டு ஒப்பந்தம், கலியாணப் படம், கலியாணப் படத்தில் இருப்பது நான்தான் என்று இன்னொரு கடுதாசி. முடி கொட்டியிருந்தபடியால் அந்தக் கடைசிச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கீழ்த்தள மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். காற்றுக் குழாய்களைப் பூட்டி, அவற்றை மறைத்துக் கூரை அடித்த பிறகுதான் கண்டார்கள்: கூரை ஒரு சாண் பதிந்துவிட்டது, தூண் நிமிராது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள். அப்போதைய பணிப்பாளர் கூரையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். பிறகு கட்டடப் பராமரிப்பாளர் ரூனாரைப் பார்த்தார்.

"மேல காது மட்டும்தானே," என்றார்.

ரூனார் என்னைக் கூப்பிட்டான். "சிவா, பிடி."

பிடித்தேன். சாய்த்து வைத்த தூண் ஆடாமல் இருக்க அதை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். அவன் கைவாளால் அறுத்தான். நூறு வருசத்துக்கு மேல் காய்ந்த மரம், வாள் பட்டதும் அன்றைக்குத் தறித்தது போல மணந்தது. அந்த மணத்துக்கு எங்கள் ஊரில் ஒப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு தூண், நாலு காது, தீராந்தி இருந்த இரண்டு பள்ளம். தூளைக் கூட்டி அள்ளினேன். துண்டுகளை வெளியே நின்ற குப்பைக் கொள்கலனுக்குள் போட்டேன். அடுத்த நாள் லொறி வந்து கொண்டுபோனது. ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நோர்வேயில் கையெழுத்து இல்லாமல் என் கண் முன்னால் நடந்த ஒரே அலுவல் அது.

பலகையில் அப்படி எழுதுவித்தது அந்தப் பணிப்பாளர். அவரும் போய்விட்டார், ரூனாரும் போய்விட்டான். இதைத் தெரிந்த உயிர் இனி ஒன்றுதான். அது சீருடையும் நிரந்தர வேலையுமாக அந்த மண்டபத்துக்குள்ளேயே, அந்தத் தூண்களுக்கு முன்னாலேயே நிற்கிறது. மறியல் வீடு என்றால் தவணை முடிய வெளியே விடுவார்கள்.

4

போன மாதம் தூண்களின் சொந்தக்காரக் குடும்பம் வந்தது. ஒன்பது பேர். தலைவி டொரத்திக்கு எழுபதுக்குக் கிட்ட இருக்கும். கட்டை உருவம், கையில் ஊன்றுகோல், எல்லாவற்றையும் ஒருமுறை எடை போடுகிற கண். தூண்களைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்க வந்திருந்தார்கள். எங்கள் இப்போதைய நிர்வாகி பேரித் ஆறு வருசத்துக்கு முன் வந்தவள். நல்ல மனுசி. பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவள்.

முதல் நாள் தூண்களுக்கு முன்னால் மேளம் தட்டிப் பாடினார்கள். மண்டபத்தில் ஐம்பது பேர் வரை இருந்தோம். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் பரிசு: ஆளுக்கொரு துவாய், ஒரு பை சீனி. அதற்கு முன் டொரத்தி எழும்பி நின்று ஏதோ நீளமாக விளக்கினார். நான் கேட்கவில்லை. ஒஸ்லோவில் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்குப் போய்ப் பழகினவனுக்கு, வாசலில் பரிசுப் பை அடுக்குவதைக் கண்டால் அதற்குப் பிறகு காது வேலை செய்யாது. இரண்டு கையாலும் பணிவாக வாங்கினேன். வாங்கிவிட்டு, எங்கள் ஆட்களின் கொண்டாட்ட மண்டபங்களில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன். அவர் கதைத்தது இங்கிலிஷ். நான் எங்கள் தமிழில் தருகிறேன்.

"வீட்டில மனிசி இருக்கிறா. அவவுக்கும் ஒண்டு தருவீங்களோ?"

டொரத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ இண்டைக்கு வந்தவவோ?"

"இல்லை. வேலை."

"அப்ப அவவுக்கும் சேர்த்து நீ பார்த்தாயோ?"

"ஓமோம். வடிவாப் பார்த்தனான்."

தந்தார்.

அடுத்த நாள், மண்டபத்தில் ஆள் இல்லாத நேரம், பக்கத்து மர வாங்கில் வந்து இருந்தார்.

"துவாய் எப்பிடி?"

"நல்ல தடிப்பு."

"சும்மா தந்தது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய் போல."

பிறகு சொன்னார். அவர்களிடம் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பதானாலும், கலியாணமானாலும், செத்தவருக்குத் துக்கம் காப்பதானாலும், ஆட்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு முன்னால்தான் செய்வார்களாம். கடைசியில் பரிசு கொடுப்பார்களாம். பரிசு வாங்கியவர் சாட்சி. கண்டதை மறக்கக் கூடாது. கேட்டால் சொல்ல வேண்டும். "அதுதான் எங்களுக்குக் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், எல்லாம். ஒரு காலம் அரசாங்கம் இதைச் சட்டம் போட்டுத் தடுத்து, செய்த ஆக்களை மறியலுக்கு அனுப்பினது. ஒளிச்சுச் செய்தம். ஒளிச்சு வாங்கின ஆக்களும் மறக்கேல்லை." ஊன்றுகோலால் என் சப்பாத்தை மெல்லத் தட்டினார். "நீ இரண்டு வாங்கினனி."

காலைப் பின்னுக்கு இழுத்தேன். "திருப்பித் தரலாமோ?"

"சீனியையுமோ?"

"அது... தேத்தண்ணிக்குப் போட்டாச்சு."

"பிறகென்ன." சிரித்தார். சிரிப்பு முடிய, "எத்தினை வருசமா இஞ்சை வேலை?" என்றார்.

"இருபத்திரண்டு."

"அப்ப, வாசலில எழுதியிருக்கிற வருசப்படி, இந்தக் கூரை அடிக்க முந்தியே இருந்திருக்கிறாய். தூணுக்கு அப்ப காது இருந்ததோ?"

நான் நிமிர்ந்து நின்றேன். கையை நீட்டினேன்.

"கழிவறை இடது பக்கம்," என்றேன்.

5

எங்கள் ஊரில் கண்டதைச் சொல்கிறவனுக்கு ஒரு பெயர் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுற்றிவளைப்பு நாட்களில் ஆமிக்காரர் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்பாட்டுவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடின ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையை ஆட்டினால் வரிசையில் ஒருவன் குறைவான். தலையாட்டி. இருபது வயதில் எனக்கு "தெரியாது", "காணேல்லை" இரண்டையும் நாலு மொழியில் சொல்லத் தெரியும்: தமிழ், சிங்களம், இங்கிலிஷ், இந்திய ஆமி வந்த பிறகு ஹிந்தி. இங்கே வந்து ஐந்தாவதாக நோர்வேஜியத்திலும் முதல் படித்தது அதுதான்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீடு ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய் வெகுகாலத்துக்குப் பிறகு விட்டார்கள். பார்க்கப் போனேன். சுவர் நின்றது. கதவு, யன்னல், ஓடு, கைமரம், அப்பா கொழும்பில் கடைக்கு நின்று உழைத்து இழைத்துப் போட்ட நடுத் தீராந்தி, ஒன்றும் இல்லை. தீராந்தி இருந்த இடத்தில் சுவரில் இரண்டு பொந்து. பக்கத்து வளவு நடராசா அண்ணை எனக்கு முன்னம் வந்து குடியேறியவர். அவர் வேலியடியில் இருந்து பார்த்தால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும்.

"அண்ணை, ஆர் கழட்டினது?"

"ஐயோ தம்பி, நாங்கள் ஒண்டையும் காணேல்லை." கையை நீட்டினார். "கிணத்தடி அந்தப் பக்கம். முகத்தைக் கழுவிப்போட்டு வாரும், வெயில்."

அன்றைக்கு அவரை மனதுக்குள் வைத ஒரு சொல்லையும் இங்கே எழுத முடியாது. கழுவிவிட்டு வந்து தேத்தண்ணி குடித்தேன். அவரை விட்டால் அங்கே எனக்கு வேறு ஆர்?

டொரத்திக்கு முன்னால் நீண்ட என் கையைப் பார்க்க அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

6

டொரத்தி கேட்ட அன்று பின்னேரம் சாப்பிடும்போது சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டு வருசத்தில் முதல் முறை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆட்கள் திடீரென்று பழைய கதை சொல்லத் தொடங்கினால் பதறமாட்டாள், காய்ச்சல் பார்ப்பாள்.

"இஞ்சருங்கோ, ஞாபகம் இல்லை எண்டு சொல்லுங்கோ. கலியாண நாளையே மறக்கிற மனிசன். ஆர் நம்பாமல் விடப்போயினம்?"

"நீரும் சாட்சிதான். உமக்கும் சேர்த்து வாங்கிப்போட்டன்."

"நான் உங்களைத் துவாய் கேட்டனானே!" குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு குரல் மாறியது. "அந்தாள் பிடி எண்ட உடனை பிடிச்சது என்ர விசாவுக்காக எண்டு ஒருநாளும் என்ர தலையில போடக் கூடாது. சொல்லிப்போட்டன்."

அதைத்தான் போட இருந்தேன். சோற்றைப் பிசைந்தேன்.

மகள் ஆரபி பேர்கனில் படிக்கிறாள். ஞாயிறுக்கு ஞாயிறு தொலைபேசியில் வருவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நோர்வேஜியத்தில் பதில் சொல்வாள். அன்றைக்குச் செவ்வாய். சுகந்திதான் எடுத்துக் கொடுத்தாள். ஆரபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதல் சொன்னது: "பப்பா, தொழிற்சங்கத்துக்குப் போன் அடி. அதுக்கு முதல் வாயைத் திறக்காத." இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. வீடு எரிந்தாலும் எந்தப் படிவம் என்றுதான் கேட்கும்.

தொலைபேசியை வைக்கப் போனவள் வைக்கவில்லை.

"ஒன்பது வயசில எங்கட வகுப்போட அங்கை வந்தனான்," என்றாள். தமிழில். "ஏன் காது இல்லையெண்டு உங்களைத்தான் கேட்டனான். நீங்கள் பலகையைக் காட்டினீங்கள்."

"ஓம்."

"நான் அதை எழுதிக்கொண்டு போய் வகுப்பில வாசிச்சனான் அப்பா."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் காலநிலை பற்றிக் கதைத்தோம்.

7

நாலாம் நாள், தூண்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய கூட்டம். தூண்களுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும் என்று டொரத்தி கேட்டிருந்தபடியால் என் மண்டபத்திலேயே நாற்காலி போட்டார்கள். துவாய் வாங்கியவர்களில் பாதிப் பேர் திரும்ப வந்திருந்தார்கள். நான் கதவடியில். சங்கத்துக்கு அடித்திருந்தேன், வரிசையில் பதினேழாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

பேரித் அறிக்கையை வாசித்தாள். தூண்கள் நல்ல நிலையில் வாங்கப்படவில்லை, உரிமையாளர்களே அறுத்த பிறகு மரமாகத்தான் விற்றார்கள், ஆகவே உரிமை கோருவது சிக்கல் என்று போனது.

டொரத்தி எழும்பினார்.

"என்ர பூட்டனார் தன்ர கையால தீராந்தி இருந்த இடத்தை அறுத்தவர் எண்டு இதில இருக்கு. வித்தவர்தான். மறியலுக்குப் போன ஆக்களின்ர பிள்ளையளுக்குச் சாப்பாடு வேணும், வித்தவர். அறுக்கேல்லை. குடும்பத்தின்ர முதுசத்தைத் தானே அறுத்தவர் எண்டால் அந்தாளின்ர பேரை இனி ஒரு பிள்ளைக்கும் நாங்கள் வைக்கேலாது. அந்தப் பேருக்கு இப்ப வீட்டில ஒரு குழந்தை காத்துக்கொண்டிருக்குது. தூணை நீங்கள் தாறதும் தராததும் பிறகு. இதை இஞ்சை தீர்க்க வேணும்." ஆட்கள் பக்கம் திரும்பினார். "பரிசு வாங்கின ஆக்களைக் கேக்கிறன். வேற மாதிரிக் கண்டவை ஆரும் இருக்கினமோ?"

நான் வாயைத் திறந்தேன். ஐந்து மொழியும் ஒரேயடியாக வந்து முட்டிக்கொண்டன. ஒன்றும் வெளியே வரவில்லை. வேறு வழி தெரியாமல் நடந்தேன். கயிற்றைத் தாண்டினேன். "சிவா?" என்றாள் பேரித். கரடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

அபாய மணி அலறியது. எல்லோரும் திரும்பிக் காவலாளியைத் தேடினார்கள்.

"இப்பிடித்தான் பிடிச்சனான்!" என்று கத்தினேன். "ரூனார் அந்தப் பக்கம் நிண்டு அறுத்தவன்! காது இருந்தது!" மணிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த மணியை நிற்பாட்டும் திறப்பு என் இடுப்புச் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது. ஆகவே கரடியை விட்டுவிட்டு, மண்டபத்தைக் குறுக்கே கடந்து போய் மணியை நிற்பாட்டினேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கத் திரும்பி வந்து, மறுபடி கட்டிப்பிடித்து, முதலிலிருந்து சொன்னேன். வீரம் எனக்கு இரண்டு தவணையில்தான் வந்தது.

கூரை பதிந்ததைச் சொன்னேன். வாளைச் சொன்னேன். மணத்தைச் சொன்னேன். துண்டுகளை எங்கே போட்டேன் என்பதையும் சொன்னேன். பேரித் அறிக்கையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

டொரத்தி கிட்ட வந்தார். "துண்டுகள் ஒண்டும் இல்லையோ?"

"லொறி கொண்டுபோட்டுது."

டொரத்தி தன் ஆட்களிடம் அவர்கள் மொழியில் இரண்டு வசனம் சொன்னார். எட்டுப் பேரும் ஒரே குரலில் ஏதோ பதில் சொன்னார்கள். என்னிடம் திரும்பினார்.

"நான் செத்த பிறகு என்ர பிள்ளையள் வந்து கேட்டாலும் சொல்லுவியோ?"

"ஓம்."

"அப்ப குழந்தைக்குப் பேர் வைப்பம்." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "எனக்கு உன்னில கோவம். அது வேற."

8

பத்து நாளைக்குப் பிறகு கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. நாலு பக்கம். தூண்களைக் கொடுப்பதா என்பதை மேலிடம் யோசிக்கிறதாம். எனக்கும் தனியாக ஒரு கடிதம், "ஒரு கலந்துரையாடலுக்கு" வரச்சொல்லி. இந்த நாட்டில் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னும் இப்படித்தான் இனிமையாகக் கூப்பிடுவார்கள்.

பேரித் அறைக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். "முன்னாள் பராமரிப்பாளர் ஒருவர், இப்போது உயிருடன் இல்லை, தூண்களை அறுத்ததைத் தாம் கண்டதாக ஊழியர் ஒருவர் தெரிவித்தார்."

"சட்டத்தரணியும் பாத்திட்டார்," என்றாள். "இப்பிடி இருந்தால் நீ கண்டவன் மட்டும். உனக்கு ஒண்டும் வராது. வை கையெழுத்தை."

கண்டவன் மட்டும். மைதானத்து வரிசையில் நின்ற நாளிலிருந்து இப்படி ஒரு வசனத்துக்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன். டொரத்தியின் பூட்டனார் தப்பிவிட்டார், குழந்தைக்குப் பேர் கிடைத்துவிட்டது, நானும் தப்பலாம். பேரித் பேனாவை நீட்டினாள். நல்ல மனுசி, உண்மையிலேயே என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

வாங்கி, அந்த வசனத்துக்குக் கீழே என் மீன்பாசையில் எழுதினேன்: "ரூனார் அறுத்தார். நான் பிடித்தேன். துண்டுகளை எறிந்தது நான்." எழுத்துப் பிழை இரண்டை அவளே திருத்தித் தந்தாள். அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசித்தாள்.

"சிவா, இனி உன்னைக் காப்பாத்த என்னால ஏலாது. விளங்குதோ?"

"விளங்குது. இதில ஒரு பிரதி எடுத்துத் தருவியோ?"

"ஏன்?"

"பேர்கனுக்கு அனுப்ப."

எடுத்துத் தந்தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"இப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

பேரித் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று மணி.

"இப்பவோ? இப்ப உனக்கு வேலை நேரம், சிவா."

கீழே போய் நின்றேன்.